கப்பல் டிக்கெட் 5.40 லட்சம், வீடு திரும்பும்போது எவ்வளவு?

கேள்வி: நான் கரூரில் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியை. கணவர் ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மேலாளர். மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகிறாள். மகன் நான்காம் வகுப்பு. மாமனாருக்கு 71 வயது, மாமியாருக்கு 66. அவர்களின் 45-வது திருமண நாள் தை மாதம் வந்தது. அப்போது எதுவும் செய்ய முடியாததால், மே விடுமுறையில் ஆறு பேரும் சிங்கப்பூர் போய், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் என்று நான்கு இரவு சொகுசுக் கப்பலில் போய்வரலாம் என்கிறார் கணவர். ஏஜென்ட் ‘எல்லாம் சேர்த்து 5.40 லட்சம்’ என்று சொல்லியிருக்கிறார். 30,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டோம். மீதியை இந்த மாத இறுதிக்குள் கட்ட வேண்டும். மகளின் கல்லூரிப் படிப்புக்காகப் போட்ட 4 லட்சம் எஃப்.டி.யை உடைத்து, குறைவதற்கு பர்சனல் லோன் வாங்கலாம் என்பது கணவரின் திட்டம். போனஸில் மிச்சமுள்ள 90,000 அங்கே கைச்செலவுக்கு. அவசரத்துக்கென்று 2 லட்சம் தனியாக இருக்கிறது, அதைத் தொட மாட்டோம். வீட்டுச் செலவு போக மாதம் 22,000 மிஞ்சும். மாமனாருக்கு மூன்று வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மாமியாருக்கு மூட்டுவலி. நான் வேண்டாம் என்று சொன்னால் பெரியவர்களுக்குச் செய்ய மனமில்லாதவள் என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இந்தச் செலவு சரிதானா?

பதில்: வணக்கம் சகோதரி. முதலில் உங்கள் கடைசி வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கணக்குக் கேட்பது மனமில்லாமை ஆகாது. ஆறு பேர் குடும்பத்தில் யாராவது ஒருவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்களைக் கப்பலில் கூட்டிப்போக வேண்டும் என்ற உங்கள் கணவரின் ஆசையும் நல்ல ஆசைதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசைக்கும் கணக்குக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறதா என்றுதான் பார்க்கப்போகிறேன்.

நீங்கள் அனுப்பிய கோட்டேஷனை முழுதாகப் படித்தேன். ஏஜென்ட் வாயால் ‘எல்லாம் சேர்த்து’ என்று சொல்லியிருக்கலாம். தாளின் அடியில், விதிமுறைகளுக்கு மேலே, சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘ஜிஎஸ்டி, டிசிஎஸ், கிராஜுவிட்டி, விசா, இன்சூரன்ஸ் நீங்கலாக’. ஆக அந்த 5.40 லட்சத்தில் அடங்குவது மூன்றுதான். கப்பலில் இரண்டு பால்கனி ரூம், துறைமுக வரி, திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய்வர விமான டிக்கெட்.

மீதியை நான் போட்டுப் பார்த்தேன். நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

டூர் பேக்கேஜுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அது 27,000. அடுத்தது கிராஜுவிட்டி, அதாவது கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ். பெயர் டிப்ஸ் என்றாலும் பெரிய கப்பல் கம்பெனிகளில் பொதுவாக நீங்களாகக் கொடுக்கட்டும் என்று காத்திருப்பதில்லை. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று பில்லில் தானாகவே ஏறிவிடும். பல கம்பெனிகளில் உங்கள் மகனுக்கும் பெரியவர்களுக்கு ஆகும் அதே தொகைதான். 18 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆறு பேருக்கு நான்கு இரவுக்கு 432 டாலர். டாலர் 90 ரூபாய் என்றால் ஏறக்குறைய 39,000. ‘குழந்தைகளுக்கு இலவசம்’ என்று விளம்பரம் வரும் சலுகைகளிலும் இந்தத் தொகையும் துறைமுக வரியும் பெரும்பாலும் இலவசம் ஆவதில்லை.

விசா ஆறு பேருக்கு 18,000 வரை ஆகலாம். கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பவும் சிங்கப்பூருக்குள் வருவதால், ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று பார்த்து வாங்க வேண்டும். பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஆறு மாதமாவது காலம் மிச்சம் இருக்க வேண்டும். இன்சூரன்ஸுக்கு 15,000 ஒதுக்கியிருக்கிறேன். கப்பல் புறப்படும் நாளன்று காலையில் போய் இறங்கும் விமானத்தை நம்புவது ஆபத்து. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. அதனால் முந்தைய இரவே சிங்கப்பூரில் இரண்டு ரூம் வேண்டும், அதற்கு 28,000. அங்கே சாப்பாடு, டாக்ஸிக்கு 15,000. கப்பல் நிற்கும் ஊர்களில் இறங்கிச் சுற்ற 25,000. ஒரே ஒரு போனுக்கு வைஃபை எடுத்தாலும் 7,000. குளிர்பானம், போட்டோ, பிள்ளைகள் கேட்பது என்று 20,000.

கூட்டினால் 1,94,000. அதாவது பயணத்தின் விலை 5.40 லட்சம் இல்லை, 7.34 லட்சம். இதில் ஷாப்பிங் சேரவில்லை. இவற்றில் சில என் மதிப்பீடுதான், கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். ஆனால் 5.40-க்குப் பக்கத்தில் எந்த விதத்திலும் வராது.

இதற்கு மேல் டிசிஎஸ் என்று ஒன்றை ஏஜென்ட் பிடிப்பார். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்குபவரிடம் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி அது. விகிதத்தை அரசு பல தடவை மாற்றிவிட்டதால், பணம் கட்டும் நாளில் எவ்வளவு என்று ஏஜென்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பணம் போய்விடாது, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பில் யாருடைய பான் எண்ணில் போடப்படுகிறதோ அவர் கணக்கில்தான் அது வரவாகும். பயணம் பெரியவர்களுக்காக என்பதால் ‘மாமனார் பெயரிலேயே புக் பண்ணிவிடலாம்’ என்று செய்துவிட்டு, அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்யாதவராக இருந்தால், அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க அவர் பெயரில் தனியாகக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிவரும். வரி கட்டும் உங்கள் கணவர் பெயரில் பில் இருக்கட்டும். சம்பளக்காரர்கள் இதை அலுவலகத்தில் தெரிவித்து, மாதாமாதம் பிடிக்கும் டிடிஎஸ்ஸிலேயே குறைத்துக்கொள்ள 2024 அக்டோபரிலிருந்து வழி இருக்கிறது. எல்டிஏ என்ற பயணச் சலுகையை இதற்குக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும்தான்.

இப்போது உங்கள் கணவரின் திட்டத்துக்கு வருவோம். அவர் கணக்கில் 5.40-இல் முன்பணம் 30,000, எஃப்.டி. 4 லட்சம் போனால் 1.10 லட்சம்தான் கடன். உண்மையில் எஃப்.டி., போனஸ், முன்பணம் எல்லாவற்றையும் போட்ட பிறகும் 2.14 லட்சம் குறைகிறது. டிசிஎஸ்ஸையும் சேர்த்தால் 2.30 லட்சமாவது லோன் வாங்க வேண்டும். 14 சதவீத வட்டியில் 24 மாதத்துக்கு மாதம் சுமார் 11,000 இஎம்ஐ. வட்டி மட்டும் 35,000. மாதம் மிஞ்சும் 22,000-இல் சரிபாதி அதற்கே போய்விடும்.

அந்த 24 மாதம் எது என்று பாருங்கள். மே மாதம் போய்வந்ததும் ஜூனில் மகள் பிளஸ் ஒன் சேர்கிறாள். அவள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரி அட்மிஷனுக்கு நிற்கும் வரை நீங்கள் இந்தக் கப்பலுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் கைகொடுக்க வேண்டிய எஃப்.டி.யும் இருக்காது. 6.5 சதவீத வட்டி என்றாலே இரண்டு வருடத்தில் அது 4.5 லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டிய பணம். மாமனார், மாமியார் இருவருக்கும் இந்தக் கணக்கு தெரிந்தால் அவர்களே இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பேத்தியின் படிப்புப் பணம் என்று தெரிந்தால் எந்தத் தாத்தாவுக்கும் மனம் ஒப்பாது.

ஆகவே என் பதில் இது: மே மாதம், லோன் வாங்கி, எஃப்.டி.யை உடைத்து இந்தப் பயணம் வேண்டாம்.

ஆனால் கப்பல் பயணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கப்பல் என்றாலே பணக்காரர்களின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வயதானவர்களோடு போகும் குடும்பத்துக்கு அதில் உண்மையான வசதி உண்டு. தரைவழி டூரில் தினமும் பெட்டியைக் கட்டி, காலை ஏழு மணிக்கு பஸ் ஏறி, இரவு வேறு ஹோட்டலில் இறங்க வேண்டும். மூட்டுவலி உள்ள மாமியாருக்கு அது தண்டனை. கப்பலில் ஒரு தடவை பெட்டியைப் பிரித்தால் போதும். மூன்று வேளைச் சாப்பாடு கட்டணத்திலேயே அடக்கம், நம் ஊர்ப் பயணிகள் அதிகம் ஏறும் கப்பல்களில் சைவச் சாப்பாட்டுக்கும் குறைவிருக்காது. அசதியாக இருந்தால் பெரியவர்கள் ரூமிலேயே படுத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் நீச்சல் குளத்துக்குப் போகலாம், இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே மேஜையில் உட்காரலாம். தரைவழியில் அதே வசதியை வாங்கினால் செலவு பெரிதாகக் குறையாது என்பதும் உண்மை.

இன்னொன்றும் உண்மை. மாமனாருக்கு 71 வயது, ஸ்டென்ட் வைத்தவர். ‘மகள் கல்லூரி முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று ஆறு வருடம் தள்ளிப்போட்டால், அன்றைக்கு அவரால் படியேற முடியுமா என்பது நம் கையில் இல்லை. செலவைத் தள்ளிப்போடலாம், அவருடைய வயதைத் தள்ளிப்போட முடியாது. அதனால்தான், பெரிய பயணத்தைக் கடனில் போவதைவிட, சின்னப் பயணத்தை இந்த வருடமே சொந்தப் பணத்தில் போங்கள் என்கிறேன்.

எவ்வளவு பணத்தில்? 90,000 போனஸ் இருக்கிறது. இனி மாதம் மிஞ்சும் 22,000-ஐ ஆவணி வரை ஐந்து மாதம் ஒதுக்கினால் 1.10 லட்சம். ஆக 2 லட்சம். அதுதான் உங்கள் குடும்பத்தின் கப்பல் பணம். எஃப்.டி.க்கும் அந்த அவசரப் பணத்துக்கும் இதில் வேலையில்லை. முதலில் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பணத்தைத் தேடினால் கடனில்தான் போய் நிற்கும். தொகையை முடிவு செய்துவிட்டு, அதற்குள் எந்தப் பயணம் அடங்கும் என்று தேடுங்கள்.

நம் பக்கத்திலேயே தேடலாம். சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022 ஜூனில் கிளம்பியது. 2023 ஜூனில் இலங்கைக்கும் போக ஆரம்பித்தது: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. மும்பைப் பக்கம் மழைக்காலமாக இருக்கும்போது கப்பல் சென்னைக்கு வருகிற வழக்கம் இது. ஒவ்வொரு வருடமும் அட்டவணை மாறும் என்பதால் இந்த வருடம் எந்தத் தேதிகளில், எங்கே போகிறது என்று கம்பெனியிடமே நேராகக் கேளுங்கள். சென்னையில் ஏறினால் விமான டிக்கெட், சிங்கப்பூர் ஹோட்டல், சிங்கப்பூர் விசா மூன்றும் உங்கள் தாளிலிருந்து அடிபட்டுவிடும். கரூரிலிருந்து ரயில் போதும்.

இலங்கைப் பயணம் 2 லட்சத்துக்குள் அடங்கினால், உங்கள் மாமனார் மாமியாருக்கு அதைவிட நல்ல பரிசு எனக்குத் தோன்றவில்லை. திருகோணமலையில் சம்பந்தர் பாடிய கோணேஸ்வரம் இருக்கிறது. காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலை நகுலேஸ்வரம் பக்கத்திலேயே, நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். இறங்கினால் தமிழ் பேசும் ஊர், பெரியவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் பேசி விசாரிக்கலாம். அடங்காவிட்டால், சென்னையிலோ கொச்சியிலோ ஏறி இரண்டு இரவு கடலில் இருந்துவிட்டு வாருங்கள். கடலில் தூக்கம் வருமா, குமட்டுமா என்பதெல்லாம் பெரியவர்கள் விஷயத்தில் அந்த இரண்டு இரவிலேயே தெரிந்துவிடும்.

ரூமைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் அதிகம் போவதும், எளிதாக மிச்சம் பிடிக்க முடிவதும் அங்கேதான். பால்கனி ரூமுக்கும் ஜன்னல் இல்லாத உள்ரூமுக்கும் கட்டணத்தில் நிறைய வித்தியாசம் இருக்கும். கடலைப் பார்க்க மேல்தளம் எல்லோருக்கும் பொது, அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பெரியவர்களுக்கு ஜன்னலோ பால்கனியோ உள்ள ரூம் எடுங்கள், அவர்கள்தான் ரூமில் அதிக நேரம் இருப்பார்கள். நீங்கள் நால்வரும் உள்ரூமில் சமாளிக்கலாம், ஆனால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். நால்வர் ரூம் என்றால் ஒரு இரட்டைக் கட்டிலும், கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறக்கிவிடும் இரண்டு மேல்படுக்கைகளும்தான். படுக்கையை இறக்கிவிட்டால் நடக்க இடம் குறைவு. பாத்ரூம் ஒன்றுதான், காலையில் வரிசை நிற்கும். மேல்படுக்கைக்கு ஏணி ஏற வேண்டும், ஆகவே பெரியவர்களை அந்த ரூமில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். கட்டணத்தை இருவர் தங்குவதாக வைத்தே சொல்வார்கள். மூன்றாம், நான்காம் ஆளுக்குக் குறைவாக வரும் என்பதால், ஏஜென்ட் மொத்தத்தை ஆறால் வகுத்துச் சொன்னால் ஏற்காமல் ரூம் வாரியாகப் பிரித்துக் கேளுங்கள்.

கப்பலில் ஏறியதும் ஆளுக்கு ஒரு கார்டு தருவார்கள். ரூம் திறக்கவும் அதுதான், கடையில் நீட்டவும் அதுதான். கையில் காசு எடுத்துக் கொடுக்காததால் செலவு தெரியாது. வெளிநாட்டுக் கப்பலானால் எல்லாம் டாலர், பானங்களின் விலையோடு 18 சதவீதத்தை ஒட்டி சேவைக் கட்டணமும் சேரும். கடைசி நாள் காலையில் மொத்தமும் உங்கள் கிரெடிட் கார்டில் இறங்கும். இந்தியக் கார்டுகள் பலவற்றில் அதற்கு மேல் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதமும், அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. ஏறிய அன்றே வரவேற்பு மேஜைக்குப் போய்ப் பிள்ளைகளின் கார்டில் செலவு செய்ய முடியாதபடி தடை போடச் சொல்லுங்கள், செய்துகொடுப்பார்கள். தண்ணீர், டீ, காபி சாப்பாட்டு இடத்தில் கட்டணத்திலேயே கிடைக்கும். கப்பல் நகர்ந்ததும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் போன் பிடிக்கும் நெட்வொர்க் கப்பலுடையது. சாதாரண ரோமிங் பேக் அங்கே பெரும்பாலும் செல்லாது, தானாக ஓடும் டேட்டாவுக்கே ஆயிரக்கணக்கில் பில் வரும்.

மாமனாரின் உடல்நிலை விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் அது கட்டண மருத்துவம். வீட்டில் எடுத்திருக்கும் மெடிக்ளெய்ம் பாலிசி பொதுவாக இந்தியாவுக்குள் சிகிச்சைக்குத்தான். பயண இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஸ்டென்ட் வைத்ததை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் அதையே காரணமாகக் காட்டி மறுப்பார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு வரை தருவார்கள், 70 வயதுக்கு மேல் தொகை குறைகிறதா, நடுக்கடலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் செலவு அடங்குமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். இருதய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தேதி முடிவு செய்யுங்கள்.

சிங்கப்பூர்க் கப்பல் ஆசையைப் பிற்பாடு எடுப்பதானால், இப்போதைய கோட்டேஷனிலிருந்து இரண்டு பாடம் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் புக்கெட் பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரம். பாடோங் கடற்கரையில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை, கடலில் நங்கூரம் போட்டுச் சிறு படகில் ஏற்றி இறக்குவார்கள். அலை இருந்தால் இறங்குவதையே ரத்து செய்யலாம். மூட்டுவலிக்காரருக்கு அலை இல்லாத நாளிலும் அந்தப் படகு சிரமம். பினாங்கு அப்படியல்ல. ஸ்வெட்டன்ஹம் துறைமேடையில் இறங்கினால் பினாங்கின் நகரமான ஜார்ஜ் டவுன்தான். 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும் லிட்டில் இந்தியாவும் நடந்தோ, சின்ன டாக்ஸி சவாரியிலோ பார்க்கிற தூரம். அங்கே கப்பல்காரர்கள் விற்கும் பஸ் சுற்றுலாவுக்கு ஆறு பேருக்கும் பணம் கட்டத் தேவையில்லை. பெரியவர்கள் கூட வரும் பயணங்களில், கப்பல் கரையை ஒட்டி நிற்கும் ஊர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கணவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். ‘போக வேண்டாம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த 7.34 லட்சத் தாளையும், பக்கத்தில் 2 லட்சத் தாளையும் வைத்து ‘அத்தையையும் மாமாவையும் ஆவணிக்குள் கூட்டிப்போவோம், எது முடியும் பாருங்கள்’ என்று கேளுங்கள். ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்த்துப் பழகியவர், அவரே பதிலைச் சொல்லிவிடுவார்.

மிச்சம் இருப்பது அந்த 30,000. கட்டிவிட்டோமே என்பதற்காக இன்னும் ஏழு லட்சத்தைச் செலவழிக்கக் கூடாது. பயண நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறி, ஒரு கட்டத்தில் முழுப் பணமும் போய்விடும். மீதித் தொகையைக் கட்டாத இந்த நிலையில்தான் உங்கள் இழப்பு மிகக் குறைவு. ஏஜென்டிடம் போனில் பேசுவதோடு நிறுத்தாமல் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாகக் கேளுங்கள்: முன்பணத்தில் எவ்வளவு திரும்பும், இதே தொகையை வேறு தேதிக்கோ சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலுக்கோ மாற்றித் தருவாரா, கப்பல் கம்பெனி பிடிப்பது எவ்வளவு, அவர் பிடிப்பது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியுமா. பல ஏஜென்ட்கள் வாடிக்கையாளரை விட்டுவிடாமல் தேதி மாற்றித் தரவே விரும்புவார்கள். பதில் வரும் வரை எஃப்.டி. ரசீதை பேங்குக்கு எடுத்துப் போகாதீர்கள்.